அழுகல் காட்டுக்கு நான் வரைந்த படம்

உலகத்தில் இல்லாத ஒரு காட்டுக்கு நான் படம் வரைந்திருக்கிறேன். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவாயின. அந்தக் காட்டை உண்டாக்கியவன் வாழ்நாளில் ஒரு கட்டு விறகு பொறுக்கியவன் அல்ல. அதில் வாளும் வில்லுமாக அலைந்த இரண்டு பேரும் தங்கள் வீட்டுக் கொல்லையையே செருப்பில்லாமல் தாண்டாதவர்கள்.

எண்பத்தைந்தாம் வருடம், எனக்கு இருபத்தொரு வயதில் நடந்தது இது. புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எங்கள் ஊர். ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே ஊர், கிழக்கே எங்கள் காலனி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்து, புதுச்சேரியில் நில அளவை அலுவலகத்தில் தற்காலிக ட்ரேசராக இருந்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்து நிலப்படங்கள் தொட்டால் உதிரும். அவற்றின்மேல் மெழுகுத்தாளை விரித்து, அடியில் தெரியும் கோட்டை மையால் எடுப்பது என் வேலை. கை நடுங்கக் கூடாது, மூச்சைக்கூடப் பார்த்து விடவேண்டும். மற்றவர்கள் ஒரு தாள் எடுக்கும் நேரத்தில் நான் ஒன்றரை எடுப்பேன். ஆனால் தற்காலிக ஆள் எடுத்த தாளில், ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் தலைமை ட்ரேசர்தான் கையெழுத்துப் போடுவார். அதுதான் முறை. இரண்டு வருடமாக நான் இழுத்த கோடுகளில் ஒன்றிலும் என் பெயர் இல்லை. என் பெயரோடு ஒரு படம் வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதனால்தான் அந்த வீட்டுக்குப் போனேன்.

அந்த வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். அந்த வீட்டுத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்தவர். பட்டாளத்துச் சிப்பாய்க்கு எங்கள் பக்கத்தில் இன்னும் சொல்தா என்றுதான் பெயர். தாத்தா செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. மகன் பாரிசுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டார். மகள் இங்கே வீட்டை ஆண்டுகொண்டிருந்தார். அந்த அம்மாவிடம்தான் என் அம்மா பாத்திரம் தேய்த்தாள்.

அந்த ஜூலை லீவுக்குப் பாரிசிலிருந்து மகன் வழிப் பேரன் வந்திருந்தான். பத்தொன்பது வயது. வந்த மறுநாளே ஊரில் பேச்சு: பையன் இருபது முகம் உள்ள தாயக்கட்டை கொண்டுவந்திருக்கிறானாம்.

“ஒன்ன வரச் சொல்றாங்கடி,” என்றாள் அம்மா. “அந்தப் புள்ள இன்னாமோ காடு வெளையாட்டு ஆடுதாம். படம் போட ஆளு வேணுமாம். என் பொண்ணு கெவுருமெண்டு படமே போடுதுன்னு நாந்தான் சொல்லிட்டேன்.”

“நான் ஆபீசர் வூட்டுக்கே படம் போடப் போகமாட்டேன்.”

“போவாத. நான் சொன்ன வாய நானே அடைச்சிக்கிறேன்.”

போனேன்.

மாடி அறையில் பெரிய மேஜை. அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, கதவோரம் கிடந்த முக்காலியைக் கண்ணால் காட்டினார். பாரிஸ்காரன் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டான். போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் உட்கார்ந்தேன். நாற்காலி உட்காரத்தான் இருக்கிறது.

அவனுடைய தமிழ் அவன் அம்மா சமையலறையில் சொல்லிக்கொடுத்த தமிழ். அதில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. எல்லாரும் ‘நீ’தான். சொந்த அத்தையையே ‘தாந்த், நீ போ’ என்பான். தாந்த் என்றால் அத்தை.

“ஒரு ராஜ்யம் கீது,” என்றான். “மந்திரக் காடு. முன்னாடி நல்ல காடு. இப்ப கெட்டுப் போச்சு. உள்ள அழுகல் வந்திடுச்சு. இவங்க வீரருங்க. போய் அழுகலோட நெஞ்சைக் கண்டுபிடிச்சு எரிக்கணும். நான் காட்டைச் சொல்லுவேன். இவங்க இன்னா செய்றாங்கன்னு சொல்லுவாங்க. ஜெயிக்குமா இல்லையா, கட்டை சொல்லும்.”

வீரர்கள் அந்த அம்மாவின் பிள்ளைகள். மகன் பிளஸ் டூவை இரண்டு தடவை தவறவிட்டவன். காட்டுக்குள் அவன் மாவீரன். மகளுக்குப் பதினாறு வயது. பல்லி கத்தினால் கட்டிலில் ஏறிவிடுவாள். காட்டுக்குள் வில் ஏந்திய இளவரசி. வீரர்களுக்கு ஆளுக்கு இருபது உயிர். எனக்கு வழிகாட்டி வேஷம். எட்டு உயிர்.

“இன்னாத்துக்கு எட்டு?” என்றேன்.

“வழிகாட்டின்னா அப்படித்தான்,” என்றான் மாவீரன். “நீ சண்ட போடமாட்ட இல்ல.”

“வழி தெரியாதவங்களுக்கு இருபது. தெரிஞ்சவளுக்கு எட்டு.”

“ஏ, இவ ஆரம்பத்துலயே கணக்குக் கேக்குறா, பாரு,” என்று இளவரசி சிரித்தாள்.

விளையாட்டு இப்படி நடக்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்: வெள்ளைக் கோபுரத்திலிருந்து அரைநாள் மேற்கே நடந்தால் வெள்ளி ஏரி. ஏரியிலிருந்து ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் அழுகல் காடு. நான் ஒரு நாள் நடையை நாலு அங்குலம் என்று வைத்துக்கொண்டு கட்டம் போட்ட தாளில் குறிப்பேன். முதல் வாரமே அவனுடைய காடு பல்லை இளித்துவிட்டது. ஏரி பள்ளத்தில் இருந்தது, ஓடை மேட்டை நோக்கி ஓடியது.

“தண்ணி மேட்டுல ஏறுமா?” என்று கேட்டேன்.

“மாயம்.”

“மாயத்துக்கு ஸ்கேல் இன்னா?”

அவனுக்குப் புரியவில்லை. புரியாததற்கெல்லாம் அவனிடம் மாயம் இருந்தது. காலையில் மூன்று மணிநேரத் தூரத்தில் இருந்த பாறை சாயங்காலம் ஒரு மணிநேரத் தூரத்தில் இருந்தால் மாயம். கிழக்கே போனவர்கள் வடக்கே வந்து சேர்ந்தால் மாயம். எங்கள் அலுவலகத்தில் சங்கிலி பிடிப்பவர் இப்படி ஒரு நாள் அளந்துகொடுத்தால் மறுநாள் வேலைக்கு வரமுடியாது. நான் அவனை விடவில்லை. நேற்று இதைச் சொன்னாய், இன்று இதைச் சொல்கிறாய், எது சரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வீரர்கள் கொட்டாவி விட்டார்கள். கேட்கக்கேட்க அவனும் கண்ணை மூடி, யோசித்து, ஒரே மாதிரி சொல்ல ஆரம்பித்தான். காடு நிலைத்தது. ஓடைக்கு மூன்று வளைவுகள் வந்தன. இரண்டாவது வளைவில் ஒரு மரப்பாலம். பாலத்துக்குத் தெற்கே ஒரு மேடு.

எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் வாயில் புகையாக இருந்ததை நான் நிலமாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அடியில் வேறு தாள் இல்லாமல், எதன்மேலும் வைத்து எடுக்காமல் நான் போட்ட முதல் படம் அது.

மூன்றாவது ஞாயிறு வீரர்கள் ஓடையைத் தாண்டினார்கள். அழுகல் ஜனங்கள் அன்றுதான் வந்தார்கள்.

“அவங்க முன்னாடி மனுசங்க,” என்றான் பாரிஸ்காரன். “இப்ப கறுப்பு. சேத்துல படுத்துக்குவாங்க. செத்த மாட்டைத் தின்னுவாங்க. அவங்க தொட்ட கிணத்துல தண்ணி குடிக்கக் கூடாது. குடிச்சா கட்டை உருட்டணும். பதினஞ்சுக்கு மேல விழலைன்னா நீயும் அழுகல்.”

மாவீரனுக்குத் தாகம். கட்டையை உருட்டினான். ஒன்பது விழுந்தது.

“போச்சு, இவன் அழுகிட்டான்,” என்று தங்கை கைகொட்டினாள். “அம்மா, அண்ணன் அழுகிட்டாம்மா.”

கீழேயிருந்து அந்த அம்மா காப்பி கொண்டுவந்தார். மூன்று எவர்சில்வர் டம்ளர், ஒரு கண்ணாடி கிளாஸ். கண்ணாடி எனக்கு. அது எப்போதும் எனக்குத்தான். நான் கிளாசை எடுத்துக் குடித்தேன். பேனாவை எடுத்து, கிணற்றுக்கு ஒரு வட்டம் போட்டேன். அந்த விதியை அவன் எந்தப் புத்தகத்தில் படித்தான் என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காக என்மேல் எனக்கு இன்றும் மதிப்புக் குறைவு.

அடுத்த வாரம் அலுவலகத்தில் எனக்கு எங்கள் ஊர்த் தாள் வந்தது. பழைய படம், மூலைகள் அரித்துப்போனது. மெழுகுத்தாளை விரித்து, வாய்க்காலின் மேல்கரையைப் பிடித்து இறங்கினேன். முதல் வளைவு. இரண்டாவது வளைவில் கை எனக்கு முன்னால் போய்விட்டது. அடியில் இருக்கும் கோட்டைப் பார்க்காமலே அது திரும்பியது. அந்த வளைவைக் கை ஏற்கனவே போட்டிருந்தது. மூன்று ஞாயிறாக அதையேதான் போட்டுக்கொண்டிருந்தது.

பேனாவை வைத்துவிட்டேன். மை ஒரு சொட்டு தாளில் விழுந்தது. இரண்டு வருடத்தில் நான் கெடுத்த ஒரே தாள்.

வெள்ளைக் கோபுரம் சொல்தா வீடு. வெள்ளி ஏரி எங்கள் ஏரி. ஓடை வாய்க்கால். மரப்பாலம், நாங்கள் தினமும் தாண்டும் பலகை. தெற்கு மேடு எங்கள் களத்துமேடு. அழுகல் காடு எங்கள் காலனி. கறுத்துப்போய்ச் சேற்றில் படுப்பவர்கள் என் அப்பா, அம்மா, நடவுக்குப் போகிற என் சின்னம்மாக்கள். தொடக்கூடாத கிணறு, கொம்யூனில் எங்களுக்கு வெட்டிக்கொடுத்த கிணறு. எட்டு உயிருள்ள வழிகாட்டியாக இருந்து, வீரர்களை என் தெருவுக்கு நானே கூட்டிவந்திருக்கிறேன்.

மேலும் ஒன்று இருந்தது. காட்டின் நெஞ்சு எங்கே என்று முந்திய வாரமே அவன் சொல்லியிருந்தான்: உடைந்த சுவர் ஒன்று, சுவருக்குள்ளிருந்து ஒரு மரம். மரத்தின் வேரில்தான் அழுகல் தொடங்கியது. என் படத்தில் அது விழுந்த இடத்தை ஊர்த்தாளில் பார்த்தேன். எங்கள் தெருவில் மூன்றாவது மனை. காலி மனை. சுவர் இடிந்து, நடுவில் பூவரசு முளைத்துக் கிடக்கும். பழைய பதிவேட்டில் அந்த மனையின் கதஸ்தர் எண்ணுக்கு, அதாவது நில அளவை எண்ணுக்கு எதிரே, சாய்வான பிரெஞ்சு எழுத்தில், சொந்தக்காரர் பெயர் இருந்தது. சைகோன் போன தாத்தாவின் பெயர்.

சாயங்காலம் அம்மாவைக் கேட்டேன்.

“ஆமா, அவங்க பூர்வீக வூடு அதான்,” என்றாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “பட்டாளத்துலேர்ந்து வந்ததும் வாய்க்காலத் தாண்டி அங்க கட்டிக்கினாங்க. அப்பறம் இந்தப் பக்கம் திரும்பல. இதுல இன்னா கீது? ஊருக்கே தெரியும்.”

“அந்தப் பையனுக்குத் தெரியுமா?”

“அதுக்கு யாரு சொல்வா? ஏழு வயசுல ஒருவாட்டி வந்துச்சு. வாய்க்காலத் தாண்டப் பாத்துச்சுன்னு அந்தம்மா பூதம் கீது, பிசாசு கீதுன்னு பயமுறுத்தி வச்சாங்க. மாடியிலேர்ந்தே பாத்துக்கினு நிக்கும். பாவம்.”

எனக்குப் பாவமாக இல்லை. காட்டை உண்டாக்கியவன் அவன் என்று இத்தனை வாரமும் தன்னை நினைத்துக்கொண்டிருந்தானே, அதுகூட அவனுடையது இல்லை. அத்தை போட்ட காடு. இவன் பாரிஸ் வரை தூக்கிக்கொண்டு போய், தாயக்கட்டை சேர்த்துத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறான்.

நாலாவது, ஐந்தாவது ஞாயிறுகளில் வாயைத் திறக்காமல் மிச்சக் காட்டையும் குறித்துக்கொண்டு வந்தேன். அந்த வாரம் சாப்பாட்டு நேரங்களில் ஊர்த்தாளிலிருந்து எனக்கென்று இன்னொரு நகல் எடுத்தேன். தப்புதான். அடுத்து, காட்டின் படத்தை அதே அளவுக்குக் கொண்டுவந்து மெழுகுத்தாளில் மையிட்டேன். வடக்குக் குறி, ஸ்கேல், குறியீடுகள், சுற்றிக் கறுப்புக் கோடு. வலது கீழ்மூலையில் ‘வரைந்தவர்’ என்று கட்டம் போட்டு என் பெயர். அதன் மேலே இன்னொரு கோடு. நிலம் அளக்கும்போது எல்லைக்காரர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்து, இதுதான் என் எல்லை என்று கையெழுத்து வாங்குவது வழக்கம். கையெழுத்து இல்லாத படம் படமே அல்ல. அந்தக் கோட்டை வெறுமனே விட்டுவைத்தேன்.

கடைசி ஞாயிறு. வீரர்கள் நெஞ்சை எரிக்கத் தீப்பந்தம் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நான் ஊர்ப்படத்தை மேஜைமேல் விரித்தேன். அதன்மேல் காட்டை வைத்தேன். நாலு மூலையிலும் நாலு தண்ணீர் டம்ளர்.

முதலில் கண்டுபிடித்தவன் மாவீரன்.

“ஏ, இது நம்ம ஏரிபா,” என்றான். “தோ, பஸ் ஸ்டாப்பு. தோ, நம்ம வூடு. டேய், கோபுரம் நம்ம வூடுடா.” அவனுக்கு ஒரே சந்தோஷம்.

“அப்ப அழுகல் காடு?” என்றாள் தங்கை. சொல்லும்போதே என்னைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

பாரிஸ்காரன் நாற்காலியிலிருந்து எழுந்து, படத்தின்மேல் குனிந்து நின்றான். விரலை வாய்க்காலில் வைத்து மெதுவாக நகர்த்தினான். காது மடல் சிவந்திருந்தது. “நான் நெனைக்கல,” என்றான். “சத்தியமா நான் நெனைக்கல.”

“தெரியும்,” என்றேன். “நெனைச்சிருந்தா தண்ணி மேட்டுல ஏறியிருக்காது.”

அப்போதுதான் அந்த அம்மா காப்பியோடு உள்ளே வந்தார். மேஜையில் வைக்க இடமில்லாமல் தட்டைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார். நான் சிவப்பு மையில் போட்டிருந்த புள்ளியில் அவர் கண் நின்றது.

“இது இன்னா எடம்?”

“காட்டோட நெஞ்சு, தாந்த்,” என்றான் அவன். “அழுகல் இங்கதான் ஆரம்பிச்சது.”

“அங்க நெஜமா இன்னாம்மா கீது?” என்றாள் மகள்.

“ஒண்ணும் இல்ல. புறம்போக்கு.”

இரண்டு வருடம் நிலப்படம் எடுத்தவள் முன்னால் ஒரு பட்டா மனையைப் புறம்போக்கு என்று சொல்லக் கூடாது.

“புறம்போக்கு இல்லம்மா,” என்றேன். “மனை. சொந்தக்காரர் பேர் பதிவுல இருக்குது.” பெயரைச் சொன்னேன். அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன்.

பிள்ளைகள் இரண்டும் தாத்தா பெயரைக் கேட்டு அம்மாவைப் பார்த்தன. அந்த அம்மா தட்டை ஜன்னலில் வைத்தார். ஒரு சொட்டுக் காப்பி சிந்தவில்லை என்பதை நான் கவனித்தேன்.

“உங்கம்மாவ நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லுடி,” என்றார். “கண்ணு, எல்லாத்தையும் எடுத்து வை. வெளையாண்டது போதும்.”

அவர் இறங்கிப் போனார். விளையாட்டு அதோடு முடிந்திருந்தால்கூட அவன்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் அவன் கட்டையை எடுத்தான். உருட்டினான். எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் காட்டாமல் கையால் மூடிக்கொண்டான்.

“இருபது,” என்றான். “மழை வருது. வெள்ளை மழை. அழுகல் எல்லாம் கழுவிப் போகுது. அந்த ஜனங்க எழுந்திருக்கிறாங்க. சுத்தமா ஆயிட்டாங்க. கோபுரத்தைப் பாத்து வணக்கம் சொல்றாங்க.”

எனக்கு இதைத்தான் தாங்கமுடியவில்லை. எரித்திருந்தால் எரித்தான் என்று போயிருப்பேன். எங்களைக் கழுவி, துவைத்து, எழுப்பி, தன் வீட்டைப் பார்த்துக் கும்பிட வைத்துவிட்டு, இப்போது சந்தோஷமா என்று என் முகத்தைப் பார்க்கிறான். முதல் நாள் நாற்காலியை இழுத்துப்போட்டபோது பார்த்த அதே பார்வை.

“நாங்க குளிச்சிட்டுத்தான் இருக்கோம்,” என்றேன். “மழைய நீ வச்சிக்கோ.”

படங்களைச் சுருட்டினேன். அவன் மெழுகுத்தாளின் ஒரு நுனியைப் பிடித்தான்.

“இத எனக்குக் குடு. அங்க ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டுறேன். உன் பேரு கீது இல்ல, சொல்லுவேன். ரொம்ப அழகா கீது.”

பாரிசில் நாலு பேர் என் பெயரைப் படிப்பார்கள். பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. பேனாவைத் திறந்து அவனிடம் நீட்டி, வெறுமனே விட்ட கோட்டைக் காட்டினேன்.

“எல்லைக்காரர் கையெழுத்து. மூணாவது மனை. சொந்தக்காரர் இல்லன்னா வாரிசு போடணும். போடு, எடுத்துக்கினு போ.”

அவன் பேனாவை வாங்கினான். தாளில் முனை படும் தூரம் வரை கொண்டுபோனான். கீழே அத்தை யாரையோ அதட்டும் சத்தம் வந்தது. பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டான். நன்றாக மூடினான், மை கொட்டாமல். பிரெஞ்சில் என்னவோ சொன்னான். தாளை விட்டுவிட்டான்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஊருக்கே தெரிஞ்ச சேதிய நீ தாள்ல எழுதிக்கினு போய் அவங்ககிட்டயே குடுத்தியா?” என்றாள். “இதுக்குத்தான் பிளஸ் டூ படிச்சியா?”

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது, பாத்திரம் குவிந்துகிடக்கிறதாம். அம்மா சேலை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை.

பாரிசுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் பாரிஸ்காரன் வாய்க்கால் கரைக்கு வந்தான். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது பார்த்தேன். ஊர்ப்பக்கக் கரையில் நின்று கேமராவில் பூவரசைப் போட்டோ எடுத்தான். பலகை அவன் காலடியில் இருந்தது. எட்டு அடிகூட இருக்காது. ஒரு காலை அதில் வைத்து அழுத்திப் பார்த்தான், தாங்குமா என்று பார்ப்பதுபோல. தினமும் நெல்மூட்டை போகிற பலகை அது. காலை எடுத்துக்கொண்டான். நான் அவன் பக்கத்திலேயே அதைத் தாண்டி வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு வருடம் ஆகிறது. இப்போது நான் நிரந்தர ட்ரேசர். நான் எடுக்கும் தாள்களில் என் கையெழுத்துத்தான். காட்டின் படம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மெழுகுத்தாள் மஞ்சளாகவில்லை, கோடு ஒன்றும் உடையவில்லை. நல்ல வேலை. கையெழுத்துக் கோடு அப்படியே இருக்கிறது. எல்லைக்காரர் வராவிட்டால், கூப்பிட்டும் வரவில்லை என்று அளப்பவர் குறிப்பு எழுதுவது அலுவலக முறை. அந்த இடத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: வாய்க்கால் வரை வந்தார்.